சி.பி.500எக்ஸுக்கு அடித்தகடு: கல்லில் பட்ட அடி எங்கே போகிறது?

கேள்வி இது: "அண்ணே, நான் பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். போன மாதம் பழைய ஹோண்டா சி.பி.500எக்ஸ் ஒன்று வாங்கினேன், 2019 மாடல். சனி, ஞாயிறில் லிந்தாங், லாசா பக்கம் தோட்டத்துச் செம்மண் சடக்குகளில் ஓட்ட ஆசை. என்ஜினுக்கு அடியில் பாதுகாப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் 3 மி.மீ. இரும்புத் தகட்டை வளைத்து, என்ஜின் அடியில் இருக்கும் போல்ட்டுகளிலேயே பிடித்துத் தருகிறேன் என்கிறார்கள். 'மாட்டிவிட்டால் யானை மிதித்தாலும் அசையாது' என்கிறார்கள். செய்யலாமா? அலுமினியம் நல்லதா, இரும்பு நல்லதா, பிளாஸ்டிக்கும் விற்கிறார்களே? தகடு போட்டால் சூடு ஏறுமா, சத்தம் வருமா?"

தம்பி, தகடு போடுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் விதத்தில் போடாதீர்கள்.

பட்டறைக்காரர் சொன்னதில் என்னை உறுத்துவது அந்த "அசையாது"தான். 3 மி.மீ. இரும்பு லேசில் அசையாது, உண்மை. ஆனால் இருநூறு கிலோ வண்டி, அதன் மேல் நீங்கள், எல்லாம் சேர்ந்து ஒரு கல்லின் மேல் இறங்கினால் அந்த வேகம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? தகடு வாங்கிக்கொள்ளாவிட்டால், தகட்டைப் பிடித்திருக்கும் இடம் வாங்கிக்கொள்ளும். உங்கள் பட்டறைக்காரர் கணக்குப்படி அந்த இடம் என்ஜின் உறை. அது வார்ப்பு அலுமினியம். இரும்பு மாதிரி வளைந்து கொடுக்காது, விரிசல் விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்தவன் நான். இரும்பு என்றால் எனக்குத் தெரியாததா என்ற திமிர் இருந்த காலம். அப்போது கையில் ஒரு 250 சிசி வண்டி. ஒரு பட்டறையில் சொல்லி, நான் பக்கத்திலேயே நின்று, இதே மாதிரி இரும்புத் தகடு செய்து, என்ஜின் உறையின் அடியில் இருந்த இரண்டு காதுகளில் இறுக்கி மாட்டினோம். அடுத்த வாரமே மறுநடவு செய்த ஒரு பிளாக்கில் நுழைந்தேன். பழைய கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துவிட்டு செம்பனைக் கன்று வைத்திருந்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கன்றுகளுக்கு நடுவே மூடுபயிர் விடுவார்கள். அந்தக் கொடி பச்சைப் பாய் விரித்த மாதிரி எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்கு அடியில் கித்தா மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. 'டம்' என்று ஒரு சத்தம், வண்டி அப்படியே நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தால் தகட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். "பார்த்தாயா, நம்ம வேலை!" என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் கருப்பாகக் குளம். தகட்டில் ஒரு நெளிவு இல்லை, ஆனால் அதைப் பிடித்திருந்த காது என்ஜின் உறையின் ஒரு துண்டோடு பெயர்ந்திருந்தது. உறையை மாற்ற என்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் செலவில் நல்ல தகடு நாலு வாங்கியிருக்கலாம்.

உங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. லயத்தில் எந்த வீட்டு வாசலிலும் நிற்கும் கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள், அந்த ஹோண்டா இ.எக்ஸ்.5-ஐ எட்டிப் பாருங்கள். கால் வைக்கும் கம்பி என்ஜினுக்குக் கீழே குறுக்காக ஓடும், நாலு போல்ட்டில் என்ஜின் உறையிலேயே மாட்டியிருக்கும். குலை வெட்டுகிறவர்கள் அதை வைத்துக்கொண்டு மட்டை, கட்டை, கால்வாய் எல்லாம் ஏறி இறங்குகிறார்கள். கீழே இருந்து வரும் அடியை முதலில் வாங்குவது அந்தக் கம்பிதான். அது சாதா இரும்பு, வளையும். வளைந்த கம்பியோடு ஓடும் கப்சாய் எத்தனை பார்த்திருப்பீர்கள்! கம்பி வளைகிற வரை என்ஜின் பிழைக்கிறது. சிலர் அது வளையவே கூடாது என்று கனமான கம்பியை வைத்து வெல்டிங் அடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு நாள் போல்ட் மரையோடு பிய்த்துக்கொண்டு வரும். உங்கள் வண்டி அந்தக் கப்சாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. அடியும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும்.

சரி, சி.பி.500எக்ஸுக்கு வருவோம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு, அதை வாங்குவதற்கு முன் யாரும் சொல்ல மாட்டார்கள். காட்டு வண்டியாகவே பிறந்தவற்றில் பலவற்றுக்கு, என்ஜினைத் தொட்டில் மாதிரி தாங்கிக்கொண்டு கீழே இரண்டு சட்டக் குழாய்கள் ஓடும். ராயல் என்ஃபீல்டின் பழைய 411 சிசி ஹிமாலயனில் அப்படித்தான். தகட்டைக் குழாயில் மாட்டினால் அடி நேராகச் சட்டத்துக்குப் போய்விடும், என்ஜினுக்குத் தெரியவே தெரியாது. சி.பி.500எக்ஸில் கீழே குழாய் கிடையாது. டைமண்ட் வகைச் சட்டம். என்ஜினே சட்டத்தின் ஒரு பாகமாக மேலிருந்து தொங்குகிறது. வண்டியின் மிகத் தாழ்வான இடம் என்ஜினின் எண்ணெய்த் தொட்டியும், முன்னாலிருந்து வளைந்து அடியில் போகும் புகைக் குழாயும். ஹோண்டாவைக் குறை சொல்லவில்லை. தார்ச் சடக்குக்கும் கொஞ்சம் கல் சடக்குக்கும் என்று செய்த வண்டி. தொட்டில் இல்லாததால்தான் எடையும் இந்த அளவில் நிற்கிறது. ஆனால் கட்டை மேல் ஏற்றுகிறவனுக்கு அது வசதி இல்லை.

அப்படியானால் தகட்டை எதில் பிடிப்பது? என்ஜினைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் பெரிய மவுன்டிங் போல்ட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில். அவை என்ஜின் எடையையும் சங்கிலி இழுப்பையும் தாங்குவதற்கென்றே போட்டவை. அங்கே ஒரு பிராக்கெட் வைத்து, பிராக்கெட்டிலிருந்து தகட்டைத் தொங்கவிட்டால், அடியில் பெரும்பங்கு சட்டத்துக்குப் போகும். பக்கக் கம்பி, அதாவது கிராஷ் பார் போட்டிருக்கிறீர்கள் என்றால், அதன் கீழ்க் குறுக்குக் கம்பியும் முன்பக்கத்துக்கு நல்ல பிடிமானம். தொடவே கூடாதவை: எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி இருக்கும் சின்ன 6 மி.மீ. போல்ட்டுகள், கிளட்ச் மூடி, மேக்னெட் மூடி போல்ட்டுகள். அவற்றின் வேலை கேஸ்கெட்டை அமுக்கி எண்ணெய் கசியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். எடை தாங்குவது அவற்றின் வேலையே இல்லை. "என்ஜின் அடியில் உள்ள போல்ட்டுகள்" என்று பட்டறைக்காரர் சொன்னது இவற்றைத்தான் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மவுன்டிங் போல்ட்டைக் கழற்றி, பிராக்கெட்டுக்காக நீளமானது போடும்போது இரண்டு விஷயம். பழையதன் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் இருந்தால் புதியதும் அதே தரமாக இருக்க வேண்டும், அதே மரை. எண்ணில்லாத போல்ட்டை ஹார்ட்வேர் கடையிலிருந்து வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ஒரே நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள், அதுவும் என்ஜினுக்கு அடியில் மரக்கட்டையோ ஜாக்கோ கொடுத்துவிட்டு. இரண்டை ஒன்றாகக் கழற்றினால் என்ஜின் ஓர் இழை இறங்கும், அப்புறம் ஓட்டைகள் நேராகச் சேராமல் அரைநாள் போய்விடும். இறுக்குவதற்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும், அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

பிராக்கெட் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தகட்டை விடக் கொஞ்சம் மெத்தென்று. தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள். அது அடியையும் கொஞ்சம் உறிஞ்சும், என்ஜின் அதிர்வில் வெல்டிங் விட்டுப்போவதையும் தடுக்கும். பெரிய அடி விழுந்தால் பிராக்கெட் வளையட்டும், தகடு நெளியட்டும். அவற்றைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், ஐம்பது நூறு வெள்ளியில் திரும்பச் செய்யலாம். நெளிந்த தகட்டோடு வருகிறவன் என்னிடம் "அண்ணே, தகடு வீணாகிவிட்டது" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அடேய், அது வீணாகவில்லை, சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறது.

இப்போது அலுமினியமா இரும்பா. கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் வண்டிக்கு வேண்டிய தகடு, விரித்து வைத்தால், ஏறக்குறைய 50-க்கு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. அலுமினியத்தில் அது சுமார் 2.7 கிலோ. 2 மி.மீ. இரும்பில் 3.9 கிலோ. உங்கள் பட்டறைக்காரர் சொல்லும் 3 மி.மீ. இரும்பில் கிட்டத்தட்ட 5.9 கிலோ, பிராக்கெட் வேறு. எடை கீழே இருப்பதால் ஓட்டும்போது பெரிதாகத் தெரியாதுதான், ஆனால் சேற்றில் விழுந்த வண்டியைத் தனியாக நிமிர்த்தும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் முதுகு கணக்குக் கேட்கும்.

இரும்புதானே உறுதி என்பார்கள். தகடு என்று வரும்போது அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. இரும்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விறைப்பான உலோகம் என்றாலும், 4 மி.மீ. அலுமினியமும் 2 மி.மீ. இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அலுமினியத் தகடுதான் இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பு, அதுவும் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்த எடையில். கூர்க் கல் ஒரே இடத்தில் குத்தினால் மட்டும் இரும்பு நன்றாகத் தாங்கும். அலுமினியத்தில் பள்ளம் விழும். நம் பக்கம் லிந்தாங் சடக்கில் கிடப்பது பெரும்பாலும் செம்பூரான் சரளையும் மரக்கட்டையும். பிளஸ் ஆற்றோரம் போனால் வழவழ உருண்டைக் கற்கள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் கத்தி மாதிரி பாறை நீட்டிக்கொண்டிருக்கும், அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் இரும்பைப் பற்றி யோசிக்கலாம். மற்றபடி என் வாக்கு 4 மி.மீ. அலுமினியத்துக்கு.

அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. வளைத்துச் செய்வதற்கு 5052 ரகம் கேளுங்கள், மடித்தால் விரியாது. 6061 டி6 இன்னும் பலம், ஆனால் நறுக்கென்று மடித்தால் மடிப்பில் விரிசல் விழும், வெல்டிங் வைத்த இடத்தில் சூட்டில் அதன் பலம் நன்றாகவே குறைந்துவிடும். பட்டறையில் லோரி தரைக்குப் போடும் புடைப்பு வைத்த செக்கர் பிளேட் மிச்சம் கிடக்கும், அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் அழகுக்காகப் புடைப்பு வெளியே தெரியும்படி வைப்பார்கள். வேண்டாம். வழவழப்பான பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். கட்டை மேல் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் அரத்தைக் கட்டி வைப்பானேன்?

வழுக்குவதில் பிளாஸ்டிக்கை ஜெயிக்க ஒன்றும் இல்லை. எண்டியூரோ எனும் காட்டுப் பந்தய வண்டிகளில் போடுகிறார்களே, அது சாதா பிளாஸ்டிக் இல்லை, கனமான பாலிஎதிலீன். 10 மி.மீ. கனத்தில் நம் அளவுத் தகடு 2.4 கிலோவுக்குள் வந்துவிடும். கல்லில் பட்டாலும் கடகடவென்று சத்தம் இல்லாமல் சறுக்கிக்கொண்டு போகும், வளைந்து திரும்ப நிமிரும். அந்த வளைவுதான் அதன் குறையும்: பின்னால் தாங்க ஒரு சட்டக் குழாய் வேண்டும். உங்கள் வண்டியில் குழாய் இல்லை, வளைகிற பிளாஸ்டிக் நேராக எண்ணெய்த் தொட்டியில் போய்ச் சாயும். இன்னொன்று, அது 130 டிகிரி சொச்சத்தில் உருகிவிடும். உங்கள் வண்டியின் புகைக் குழாய் என்ஜினுக்கு முன்னாலும் அடியிலும் ஓடுகிறது, அது பல நூறு டிகிரி சூடாகும் சாமான். இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தகட்டின் வடிவம் கனத்தைவிட முக்கியம் என்பேன், ஆனால் கடையில் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலோ பலகை மேலோ நிறுத்தி, பாயை விரித்துப் படுத்து, முன் சக்கரத்தின் கண்ணால் பாருங்கள். முதலில் தெரிவது புகைக் குழாய்களின் வளைவு, அதற்குப் பின்னால் எண்ணெய் ஃபில்டர், அப்புறம் தொட்டி, அதன் வடிகால் போல்ட். தகட்டின் மூக்கு இந்தக் குழாய் வளைவையும் மறைத்து மேலே ஏறி நிற்க வேண்டும், சம்பான் படகின் மூக்கு மாதிரி. தொட்டிக்கு அடியில் மட்டும் தட்டையாக ஒரு தட்டு இருந்தால், முன்னால் வரும் கட்டை தகட்டின் ஓரத்தில் முட்டி நிற்கும். தகடு இல்லாமலே போயிருக்கலாம். பின் ஓரத்தையும் மறக்காதீர்கள். கட்டை மேல் மாட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுக்கும்போது அந்த ஓரம் கொக்கி மாதிரி பிடிக்கும். அதையும் கொஞ்சம் மேலே மடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் விரல் உயரத்துக்காவது மேலே மடித்தால் அந்த மடிப்பே தகட்டுக்கு முதுகெலும்பு. கிளட்ச் மூடியும் மேக்னெட் மூடியும் அந்த மடிப்பின் நிழலில் இருந்தால் நல்லது.

தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் குறைந்தது ஒரு சென்டிமீட்டர், முடிந்தால் ஒன்றரை இடைவெளி வையுங்கள். ஒட்டி வைத்த தகடு, தகடே இல்லை. அது என்ஜினின் தோல். மூக்குப் பக்கம் வேறோர் அளவு பார்க்க வேண்டும்: முன் ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது மட்கார்டும் டயரும் பின்னால் வரும். இரண்டு பட்டையால் ஹேண்டிலைக் கீழே இழுத்துக் கட்டி, ஃபோர்க் அடியோடு அமுங்கின நிலையில் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிறதா பாருங்கள். போகாவிட்டால், ஏதோ ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் தகட்டைத் தொட்டு அப்படியே நிற்கும்; நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

போல்ட் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வெளியே துருத்தினால் இரண்டு சவாரியில் கல்லில் தேய்ந்து ஆலன் கீ நுழையாது, அப்புறம் கிரைண்டர் வைத்துத்தான் கழற்ற வேண்டும். அந்த அறுகோணக் குழியில் கொஞ்சம் கிரீஸ் அடைத்து வைத்தால் செம்மண் உள்ளே போய்க் காயாது. மரையில் நடுத்தர ரகம், நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம். ஸ்டெய்ன்லெஸ் போல்ட்டை அலுமினிய மரையில் ஏற்றும் இடத்தில் மட்டும் லாக் திரவத்துக்குப் பதில் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள், நம் மழையில் இரண்டும் ஒன்றையொன்று தின்று ஒட்டிக்கொள்ளும். அங்கே போல்ட் தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷரையும் உங்கள் கண்ணையும்தான் நம்ப வேண்டும்.

எண்ணெய் மாற்ற வசதியாக, வடிகால் போல்ட்டுக்கு நேரே ஒரு பெரிய ஓட்டை வைக்கவா என்று பட்டறையில் கேட்பார்கள். பல கடைத் தகடுகளிலும் அது உண்டு. எனக்குப் பிடிக்காது. தகட்டில் எந்த இடத்தில் ஓட்டை கூடாதோ சரியாக அங்கேதான் அது வருகிறது, செம்பனை மட்டையின் நறுக்கிய முனை அதில் நுழைவதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய காரணம், மினியாக் ஈத்தாம், அதாவது என்ஜின் எண்ணெய், மாற்றும்போதெல்லாம் தகட்டைக் கழற்றினால்தான் உள்ளே இருப்பது கண்ணில் படும். உள்ளே என்ன இருக்கும் என்கிறீர்களா? அரை வாளி செம்மண், செங்கல் மாதிரி காய்ந்து. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு போல்ட்டையும் புகைக் குழாயையும் அரிக்கும். கூடவே செம்பனை நார், காய்ந்த லாலாங் புல். சேறு பரவாயில்லை, இந்தக் காய்ந்த சருகு சூட்டுக் குழாயில் ஒட்டிக் கருகுவதுதான் எனக்குப் பயம். வெயில் காலத்தில் உயர்ந்த லாலாங் காட்டுக்குள் போய் வந்தால், வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஓர் ஓரமாக நிறுத்திக் குச்சியால் கிளறிவிடுங்கள். தண்ணீர் வடிய பின்பக்கத் தாழ்வில் 10 மி.மீ. ஓட்டை நாலைந்து போதும். அழகுக்கு வரிவரியாக வெட்டிய தகடுகள் வருகின்றன, அந்த வரிகளில் குச்சிதான் நுழையும்.

சூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் என்ஜின் தண்ணீரில் குளிர்கிற என்ஜின். சூட்டை வெளியே விடுவது முன்னால் இருக்கும் ரேடியேட்டர், அடித்தொட்டியின் பங்கு கொஞ்சம்தான். இடைவெளி விட்டு மாட்டிய தகட்டால் பெரிய வித்தியாசம் வராது. சூடு ஏறுகிறது என்று வருகிறவர்கள் வண்டியில் நான் பார்த்தவரை குற்றவாளி சேறு அடைத்த ரேடியேட்டர்தான். அதற்கு முன்னால் ஒரு கம்பி வலை போட்டுவிடுங்கள், தகட்டின் விலையில் ஒரு பங்குதான். முன் சக்கரம் தூக்கி அடிக்கும் மட்டை முள் ரேடியேட்டர் இதழுக்குள் போனால், எத்தனை கனத் தகடும் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்காது.

தகடு போட்டாகிவிட்டது என்று கட்டை மேல் வேகமாக ஏற்றுவதும் வேண்டாம். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இரண்டு மூன்று படி கூட்டினால், பெட்டியும் ஆளும் ஏறின வண்டி தாழ்ந்து போவது குறையும். இது காசில்லாமல் கிடைக்கும் தரை இடைவெளி. கட்டை வந்தால் செங்கோணத்தில், நேருக்கு நேராகப் போங்கள், முன் சக்கரம் ஏறியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், தகடு கட்டையில் மெதுவாக உட்கார்ந்து வழுக்கட்டும். பிறகு பின் சக்கரம் தள்ளும். சாய்வாக ஏறினால் பின் சக்கரம் கட்டையோடு ஓடிவிடும், அப்போது தரையைத் தொடுவது தகடு இல்லை, கிளட்ச் மூடி. டிராக்டர் அறுத்த ஆழமான தடத்தில் இறங்கிவிட்டால் கால்மிதியும் பெட்டியும்தான் முதலில் மாட்டும், அங்கேயும் தகட்டுக்கு வேலை இல்லை.

லாசா வரைக்கும் தார்ச் சடக்குதான், அதோடு திரும்பி வருவீர்கள் என்றால் இந்தச் செலவே வேண்டாம், காசை நல்ல டயரில் போடுங்கள். தோட்டத்துக்குள் போவதானால் ஜாகாவிடம், அதாவது காவலாளியிடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அது தோட்டத்தாரின் சொந்த நிலம். அதையும் தாண்டி வனக் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

பலமான அடி ஒன்று விழுந்தால் என் முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். கீறலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் நின்று, அடியில் சொட்டுகிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தகட்டைக் கழற்றி, பிராக்கெட் பிடித்திருக்கும் இடங்களைத் துடைத்து, முடி மாதிரி கோடு ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டுகிறது என்றால் எண்ணெய் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது எரிவது அழுத்தம் போன பிறகு. அதற்கு அப்புறம் என்ஜினுக்கு நேரம் இல்லை. பையில் இரண்டு பாகமாகப் பிசையும் எபாக்சி களிமண் ஒரு குச்சி எப்போதும் இருக்கட்டும். விரிசலைச் சுற்றிப் பெட்ரோலில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கல்லாலோ அரத்தாலோ கொஞ்சம் சொரசொரப்பாக்கி, பிசைந்து அழுத்தி, அட்டையில் போட்ட நேரம் வரை காயவிட்டால் மெதுவாக வீடு வந்து சேரலாம். என்ஜின் சூட்டோடு ஒட்டாதீர்கள், புகைக் குழாய் சூடாக இருக்கும்போது பெட்ரோல் துணியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

சத்தம்: வரும். என்ஜின் கீழே விடும் சத்தத்தைத் தகடு திருப்பி மேலே அனுப்பும், முதல் நாள் வேறு யாரோ வண்டி மாதிரி இருக்கும். உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டச் சொல்லுவார்கள். அது எண்ணெயையும் சேற்றையும் குடித்துக்கொண்டு உட்காரும், புகைக் குழாய்க்குப் பக்கத்தில் தீப்பந்தம். ரப்பர் புஷ் இருந்தால் பாதிச் சத்தம் அடங்கிவிடும், மீதி ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். பழகின பிறகு ஒரு நாள் புதிதாகக் கிணுகிணுவென்று ஏதாவது கேட்டால், எங்கோ ஒரு போல்ட் கழன்றுகொண்டிருக்கிறது. அடுத்த தே தாரிக் கடை வரும் வரைகூடப் போகாமல் அங்கேயே நிறுத்திக் குனிந்து பாருங்கள்.